புதிய குற்றவியல் சட்டங்களும் பயிற்சியும்: காவல் நிலையத்தில் பணியாற்றுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களில் அரசு உதவி வழக்கறிஞராக நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்த பிறகு, அக்கம்பக்கத்து உட்கோட்டங்களிலிருந்து வகுப்பெடுக்க அழைத்தார்கள். ஸ்டேஷன் ரைட்டர்கள், சிறப்பு உதவி ஆய்வாளர்கள், புதிதாகப் பணியில் சேர்ந்த உதவி ஆய்வாளர்கள் என்று பலர் வந்தார்கள். ஊர் மாறினாலும் கேள்விகள் மாறவில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் (இ.த.ச.) பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவை பி.என்.எஸ். என்றும், பழைய நடைமுறைச் சட்டமான குற்ற விசாரணை முறைச் சட்டத்துக்குப் (கு.வி.மு.ச.) பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவை பி.என்.எஸ்.எஸ். என்றும், சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தை பி.எஸ்.ஏ. என்றும் எழுதுகிறேன். நிலையங்களில் இப்படித்தான் சொல்கிறார்கள்.

ஐயா, இ.த.ச. எனக்குத் தலைகீழ்ப் பாடம். இப்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

வேண்டாம். குற்றங்களில் பெரும்பாலானவை அப்படியே இருக்கின்றன, எண்கள்தாம் இடம் மாறியிருக்கின்றன. இந்திய தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்தன, பி.என்.எஸ்.ஸில் 358. நடைமுறைச் சட்டத்தில் 484 இருந்தது 531 ஆனது. சாட்சியச் சட்டத்தில் 167 இருந்தது 170 ஆனது. எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. ஒரு நிலையத்தில் ஆண்டு முழுவதும் பதிவாகும் வழக்குகளைப் பிரித்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருபவை முப்பது நாற்பது பிரிவுகளுக்குள் அடங்கிவிடும்.

உங்கள் நிலையத்தின் சென்ற ஆண்டு முதல் தகவல் அறிக்கைப் புத்தகத்தை எடுத்து, உங்கள் கையாலேயே அட்டவணை போடுங்கள். வாய்த்தகராறு, அடிதடிக்குப் பழக்கமாக எழுதும் 294(பி), 323, 506(2) இப்போது 296(பி), 115(2), 351(3). சாலை விபத்து மரணத்துக்கு எழுதிய 279, 304(ஏ) இப்போது 281, 106(1). திருட்டு 379 இப்போது 303(2). மோசடி 420 இப்போது 318(4). சந்தேக மரணத்துக்கு எழுதிய கு.வி.மு.ச. 174 இப்போது பி.என்.எஸ்.எஸ். 194. பிறர் அச்சிட்டுத் தந்த அட்டவணையைவிடச் சொந்தக் கையெழுத்தில் எழுதியது மனதில் நிற்கிறது. இதை வகுப்புகளில் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

எதை வைத்துப் படிப்பது? வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். இருக்கிறது, அது போதுமா?

போதாது. அப்படிப் பரவும் அட்டவணைகளில் பிழைகளைக் கண்டிருக்கிறேன். சில அட்டவணைகளில் விபத்து நடத்திவிட்டுத் தப்பி ஓடுவதற்கான 106(2) பிரிவும் நடைமுறையில் இருப்பதுபோல் போடப்பட்டிருக்கிறது. சட்டங்கள் நடைமுறைக்கு வந்த அன்று அந்த ஒரு உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. பிழையான அட்டவணையை நம்பி அதை முதல் தகவல் அறிக்கையில் எழுதினால், முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொள்வார்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிட்ட 'சங்கலன்' செயலியைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரிவுக்கு எதிரே புதிய பிரிவு வரும், இலவசம். முறையாகப் படிக்க விரும்பினால் அரசு ஊழியர்களுக்கான 'ஐகாட் கர்மயோகி' தளத்தில் மூன்று சட்டங்களுக்கும் அறிமுகப் பாடங்கள் இருக்கின்றன. காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பான பி.பி.ஆர் அண்ட் டி இவற்றைத் தயாரிப்பதில் பங்கேற்றது. இணையக் குற்றங்களுக்கு 'சைட்ரெய்ன்' என்று தனித் தளம் உண்டு. காவலர், அரசு வழக்கறிஞர், நீதித்துறை அலுவலர் என மூன்று தரப்பினருக்கும் அதில் பாடங்கள் இருக்கின்றன. எதைப் படித்தாலும், ஐயம் வந்தால் அரசிதழில் வெளியான மூலத்தைப் பார்த்துவிடுங்கள்.

இணையவழிப் பாடத்தை முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். பயிற்சி முடிந்ததுதானே?

பிரிவுகள் தெரிந்துவிட்டன என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒரு வகுப்பில், சான்றிதழ் வாங்கிய பன்னிரண்டு பேரிடம் ஒரு கைபேசியையும் ஒரு பென் டிரைவையும் கொடுத்து, பக்கத்து அறையில் உள்ள மேசை இழுப்பறையைச் சோதனையிட்டு வீடியோ எடுத்து வரச் சொன்னேன். ஒன்பது பேர் இழுப்பறையைத் திறந்த பிறகே கேமராவைத் தொடங்கினார்கள். அந்த நான்கு விநாடி இடைவெளிதான் நீதிமன்றத்தில் 'பொருளை வைத்தது யார்' என்ற கேள்வியாகத் திரும்பி வரும்.

ஆகவே பாடம் முடித்த அந்த வாரமே நிலையத்துக்குள் ஒரு போலிச் சோதனை நடத்திப் பாருங்கள். ஒருவர் சோதனையிட, ஒருவர் படமெடுக்க, ஒருவர் மகஜர் (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் எழுதும் குறிப்பு) எழுத, மற்றவர்கள் குறை சொல்லட்டும். ஒரு மணி நேரம் போதும்.

நேரடி வகுப்புகள் எங்கே நடக்கின்றன? நாங்களே விண்ணப்பிக்க முடியுமா?

தமிழ்நாட்டில் வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரியில் காவலர் உயர் பயிற்சியகம் இருக்கிறது. மாவட்டங்களிலும் மாநகரங்களிலும் பணியிடைப் பயிற்சி மையங்கள் உள்ளன. விசாரணை நுட்பங்களுக்கென்றே பி.பி.ஆர் அண்ட் டி நடத்தும் மத்திய துப்பறியும் பயிற்சி நிறுவனங்கள் ஐதராபாத், கொல்கத்தா, சண்டிகர் முதலிய நகரங்களில் இருக்கின்றன.  தடயவியலுக்கு காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடயவியல் அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது.

சிறைத்துறையினர் கேட்பதே இல்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்: தென்மாநிலச் சிறை அலுவலர்களுக்கான பயிற்சிக் கழகம் 1979 முதல் நம் வேலூரிலேயே இயங்குகிறது. தீயணைப்புத் துறை அலுவலர்களுக்கு நாக்பூரில் தேசியக் கல்லூரி இருக்கிறது.

பெரும்பாலான நேரடிப் பயிற்சிகளுக்கு மாவட்டக் காவல் அலுவலகமே பெயர்களை அனுப்புகிறது. ஆர்வம் இருப்பவர் எழுத்தில் கேட்டு வைத்தால்தான் அவர் பெயர் அலுவலகத்தின் நினைவில் இருக்கும். கேட்கத் தயங்காதீர்கள்.

சம்பவம் 2024 மே மாதம் நடந்தது, புகார் இப்போதுதான் வருகிறது. எந்தச் சட்டத்தில் வழக்குப் பதிவது?

குற்றம் என்ன, தண்டனை என்ன என்பதைச் சம்பவ நாள் தீர்மானிக்கும். நடந்த அன்று நடைமுறையில் இல்லாத சட்டத்தின்கீழ் ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பது அரசியலமைப்பின் 20(1) பிரிவு தரும் பாதுகாப்பு. ஆகவே பிரிவு இ.த.ச.வில் இருந்துதான் வரும். வழக்குப் பதிவும் விசாரணையும் 2024 ஜூலை 1க்குப் பிறகு தொடங்குவதால் நடைமுறை பி.என்.எஸ்.எஸ். படி நடக்கும். 'பி.என்.எஸ்.எஸ். 173இன்கீழ், இ.த.ச. 420' என்று எழுதுவது பார்வைக்கு விசித்திரமாக இருந்தாலும் அதுவே சரி. ஜூலை 1 அன்று ஏற்கெனவே நிலுவையில் இருந்த விசாரணை பழைய நடைமுறைச் சட்டப்படியே தொடரும்.

சிக்கல் வருவது தொடர்ந்து நடக்கும் குற்றங்களில். கணவர் வீட்டுக் கொடுமை 2023இல் தொடங்கி 2025 வரை நீடித்தது என்று ஒரு பெண் சொன்னால், எது எப்போது நடந்தது என்று தேதி வாரியாகப் பிரித்து வாக்குமூலம் எழுதுங்கள். முன்பு நடந்ததற்கு 498(ஏ), பின்பு நடந்ததற்கு பி.என்.எஸ். 85. 'பல ஆண்டுகளாகக் கொடுமைப்படுத்தினார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் பின்னால் எந்த வழக்கறிஞராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

எங்கள் எல்லையில் நடக்காத சம்பவம். அந்த நிலையத்துக்குப் போகச் சொல்லலாமா?

சொல்லக்கூடாது. பி.என்.எஸ்.எஸ். 173(1) எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பெறச் சொல்கிறது. எல்லை பாராமல் பதியும் முதல் தகவல் அறிக்கையான ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டியது உங்கள் வேலை. இரவு பத்து மணிக்குக் கிழிந்த சட்டையோடு வந்தவரை இன்னொரு ஊருக்கு பஸ் ஏறச் சொன்ன கதைகளைச் சாட்சிக் கூண்டில் கேட்டிருக்கிறேன். கேட்கும் ஒவ்வொரு முறையும் தலை குனிந்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ புகார் வந்தால் உடனே எஃப்.ஐ.ஆர். போட வேண்டுமா?

மின்னணு வழியில் வரும் தகவலை, தந்தவர் மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட்ட பிறகு பதிவில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்று நாளும் சும்மா இருக்க வேண்டும் என்று பொருளல்ல. உயிருக்கு ஆபத்து என்று செய்தி வந்தால் முதலில் ஆள் அனுப்புங்கள், கையெழுத்து பிறகு வரட்டும். இணையப் பண மோசடியாக இருந்தால் 1930 உதவி எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்கு முன் தடுப்பதற்கு ஒவ்வொரு நிமிடமும் தேவை.

முதற்கட்ட விசாரணைக்கு 14 நாள் கிடைத்துவிட்டதே. இனி எல்லா மனுவுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றதற்கான ஒப்புகை) கொடுத்து வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பிரிவு இதுதான். 173(3)இல் மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. குற்றத்துக்கான தண்டனை மூன்று ஆண்டு அல்லது அதற்கு மேல், ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். துணைக் கண்காணிப்பாளரின் அனுமதி வேண்டும். 14 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். நீங்கள் அதிகம் நினைக்கும் 318(4) மோசடிக்கே ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. 'ஏழுக்குக் குறைவு' என்ற சொல்லுக்குள் அது வராது.

கைது செய்யத்தக்க குற்றம் தகவலில் தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013இல் லலிதா குமாரி வழக்கில் சொன்னது. 173(3) அதற்கு ஒரு குறுகிய விதிவிலக்கு, அவ்வளவுதான்.

சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். சொந்தக் கைபேசியில் எடுக்கலாமா? எப்படி எடுப்பது?

பி.என்.எஸ்.எஸ். 105 சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. கைபேசியில் எடுப்பதையே அது விரும்பத்தக்கதாகவும் சொல்கிறது. பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும். வாரண்ட் இன்றிச் செய்யும் 185 சோதனையானால் அதன் ஆவணங்களுக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு இருக்கிறது. 'இ-சாக்ஷ்யா' செயலி வழியாக எடுத்தால் நேரம், இடம், எடுத்த அலுவலரின் படம் எல்லாம் பதிவோடு சேர்ந்துவிடும். கைபேசியில் தனியாக எடுத்துக் கேலரியில் விட்டுவைப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.

எடுக்கும் முறை: வாசலுக்கு வெளியே நின்று தொடங்குங்கள். தேதி, நேரம், குற்ற எண், உடன் வந்தவர்கள் பெயர் ஆகியவற்றைக் குரலில் சொல்லுங்கள். சோதனையிடப் போகிறவர் தம் இரு கைகளையும் சட்டைப்பையையும் கேமராவுக்குக் காட்டட்டும். பிறகு உள்ளே செல்லுங்கள். பொருள் இருந்த இடத்தை முதலில், பொருளைப் பிறகு, அதை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைப்பதை அதன் பிறகு காட்டுங்கள். சாட்சிகள் கையெழுத்திடுவதோடு முடியுங்கள். இடையில் நிறுத்த நேர்ந்தால் ஏன் நிறுத்துகிறோம் என்பதைச் சொல்லி நிறுத்துங்கள், தொடங்கும்போதும் சொல்லுங்கள். வீட்டில் குழந்தைகளோ குளித்துக்கொண்டிருக்கும் பெண்களோ இருந்தால் அவர்கள் மரியாதையாக விலக நேரம் கொடுங்கள். அந்தக் காத்திருப்பும் பதிவில் இருக்கட்டும்.

வீடியோ இருக்கும்போது மகஜர் சாட்சி எதற்கு?

சட்டம் அதை எடுத்துவிடவில்லை. பி.என்.எஸ்.எஸ். 103ஆவது பிரிவு இன்னும் அந்தப் பகுதியைச் சேர்ந்த இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நம்பகமான, சார்பற்ற ஆட்களை அழைக்கச் சொல்கிறது. எல்லா வழக்குக்கும் அதே இருவரைக் கூட்டிவரும் பழக்கத்தை இனியாவது விட்டுவிடுங்கள். ஒரே பெயர் ஏழு வழக்கில் மகஜர் சாட்சியாக வந்ததைக் குறுக்கு விசாரணையில் அடுக்கிக் காட்டி, உண்மையான வழக்கு ஒன்று என் கண்ணெதிரே வலுவிழந்தது. அடிபட்ட கூலித்தொழிலாளி வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் என்ன சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரரிடம் சிசிடிவி பதிவு வாங்கினேன். சான்றிதழ் யார் தர வேண்டும்? இந்த 'ஹாஷ்' என்பது என்ன?

பழைய சாட்சியச் சட்டத்தின் 65(பி) இப்போது பி.எஸ்.ஏ. 63. சான்றிதழ் படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, இரண்டு பகுதிகளாக. 'ஏ' பகுதியில் அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், அதாவது கடைக்காரரோ அவர் ஊழியரோ, கையெழுத்திட வேண்டும். 'பி' பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். பலர் 'ஏ' பகுதியைத் தாமே நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்கள். அது செல்லாது. சான்றிதழ் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் உறுதி செய்தது.

ஹாஷ் என்பதைக் கோப்பின் கைரேகை என்று புரிந்துகொள்ளுங்கள். ஒரு கோப்பை அதற்கான மென்பொருளில் கொடுத்தால் எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை ஒன்று வரும். வீடியோவில் ஒரு காட்சியை நீக்கினாலும் அந்த வரிசை முற்றிலும் மாறிவிடும். கடையில் நகலெடுத்த உடனே ஹாஷ் எடுத்துப் படிவத்தில் எழுதினால், நீதிமன்றத்தில் மறுபடி எடுக்கும்போது இரண்டும் பொருந்தும். கோப்பில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. எஸ்.எச்.ஏ. 256 வகையைப் பயன்படுத்துங்கள். படிவத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

கருவியின் கடிகாரத்தையும் பாருங்கள். பல கடைகளில் அது பத்து, இருபது நிமிடம் தவறாக ஓடும். உங்கள் கைபேசி நேரத்தையும் கருவி நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து, வித்தியாசத்தை மகஜரில் எழுதிவிடுங்கள். பெரும்பாலான கருவிகளில் சில நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். 'நாளை வாங்கிக்கொள்ளலாம்' என்று விட்ட பதிவு நாளை இருக்காது.

தடயவியல் குழு வரும் வரை எதையும் தொடக்கூடாதா?

ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 176(3) சொல்கிறது. இதை முழுமையாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு வரை அவகாசம் தரப்பட்டுள்ளது. காயம்பட்டவருக்கு உயிர் இருந்தால் எதையும் யோசிக்காமல் தூக்குங்கள். மற்றபடி கயிறு கட்டி, உள்ளே போவோர் வருவோர் பெயரை ஒரு தாளில் எழுத ஒருவரை நிறுத்துங்கள்.

மழையோ கூட்டமோ அழித்துவிடும் என்று அஞ்சி நீங்களே எடுக்க நேர்ந்தால், முதலில் மேலே சொன்னபடி வீடியோ எடுத்துவிடுங்கள். கையுறை அணியுங்கள். இரத்தம் பட்ட துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பாலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். ஒரு பொருளுக்கு ஓர் உறை. இரண்டு பேரின் துணியை ஒரே பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த ஆய்வு முடிவு வந்தும் பயனில்லை.

ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா? கைது விதிகளில் என்ன புதிது?

பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் என்பது பழைய கு.வி.மு.ச. 41(ஏ). அதை வாட்ஸ்அப்பில் அனுப்புவது முறையான சார்வு (சேர்ப்பிப்பு) ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாக்கிவிட்டது. நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

புதியவற்றில் 35(7)ஐ மறக்காதீர்கள்: மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், அறுபது வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியின்றிக் கைது செய்யக்கூடாது. கைதுக்கான காரணங்களை அவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தவறினால் கைதே செல்லாது என்று சொன்னது. தமிழில் எழுதிக் கொடுத்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள்.

'காவலில் எடுக்க இனி 60 நாள் இருக்கிறது' என்று சிலர் சொல்கிறார்கள். தவறு. போலீஸ் காவல் மொத்தம் 15 நாள்தான். வழக்கின் தன்மைக்கேற்ப முதல் 40 அல்லது 60 நாட்களுக்குள் அதைப் பகுதி பகுதியாகக் கேட்கலாம் என்பதே 187 தரும் மாற்றம்.

பாதிக்கப்பட்டது குழந்தை. நிலையத்துக்கு அழைத்துவந்து விசாரிக்கலாமா?

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 24ஆவது பிரிவைப் பாருங்கள். குழந்தையின் வீட்டிலோ, குழந்தைக்குப் பிடித்த வேறு இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் தரத்துக்குக் குறையாத பெண் அலுவலர், சீருடையின்றி வாக்குமூலம் பதிய வேண்டும். இரவில் நிலையத்தில் வைத்திருக்கவே கூடாது.

எனக்குத் தெரிந்த ஓர் உதவி ஆய்வாளர் அம்மையார் பாயில் குழந்தையோடு உட்கார்ந்து, முதல் அரை மணி நேரம் அதன் வண்ணப் பென்சில்களைப் பற்றி மட்டுமே பேசினார். தாளை எடுக்கவே இல்லை. பிறகு குழந்தை தானாகச் சொன்னது. சொன்ன சொற்களை மாற்றாமல், குழந்தையின் சொல்லிலேயே எழுதினார். விசாரணையில் அந்த வாக்குமூலத்தை அசைக்க முடியவில்லை. இந்தப் பயிற்சியை எல்லாப் பயிற்சிகளுக்கும் முன்னால் வைப்பேன்.

விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார்தாரருக்குச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். பி.என்.எஸ்.எஸ். 193(3) படி 90 நாட்களுக்குள் தகவல் தந்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும். மின்னணு வழியிலும் சொல்லலாம். 35(3) நோட்டீஸுக்கான கட்டுப்பாடு இதற்கு இல்லை. வழக்கு நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் 90ஆவது நாளின் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவைக்கும் ரைட்டர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் நிலையத்தில் இது ஒருமுறைகூடத் தவறியதில்லை.

ஐயா, பந்தோபஸ்துக்கே நேரம் போதவில்லை. படிக்க எங்கே நேரம்?

நியாயமான குறை. இதில் உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். திருவிழா, தேர்தல், இரவு ரோந்து என்று வந்துவிட்டுப் பாடம் கேள் என்றால் யாருக்கும் ஏறாது. பயிற்சி நேரத்தையும் பணி நேரமாகக் கணக்கிட்டு, அன்று வேறு அலுவல் தராமல் விட வேண்டும். இதை எந்த மேலதிகாரியைச் சந்தித்தாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அதுவரை காலை அணிவகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆய்வாளர் இதை ஒரு மாதம் செய்து பார்த்தார். அவர் நிலையத்து மகஜர்களின் மாற்றத்தை நான் தாளிலேயே பார்த்தேன்.

பழைய பழக்கத்தில் பிரிவைத் தவறாக எழுதி எஃப்.ஐ.ஆர். நீதிமன்றத்துக்கும் போய்விட்டது. வழக்கு போய்விடுமா?

பிரிவு எண் தவறியதால் மட்டும் வழக்கு விழாது. புகாரில் சொல்லப்பட்ட செயல்தான் அடிப்படை. தெரிந்த அன்றே பிரிவு மாற்ற அறிக்கை எழுதி, காரணத்தைக் குறிப்பிட்டு நடுவருக்கு அனுப்பி, வழக்கு நாட்குறிப்பிலும் பதிந்துவிடுங்கள்.

நிலையத்தில் உள்ள நகலில் மட்டும் அடித்துத் திருத்தாதீர்கள். நீதிமன்றத்தில் ஒரு பிரிவு, நிலையத்தில் ஒரு பிரிவு என்று இரண்டு தாள்கள் இருந்தால், எழுத்துப் பிழையாக இருந்தது ஆவணத் திருத்தக் குற்றச்சாட்டாக மாறிவிடும். எப்படி எழுதுவது என்று ஐயம் இருந்தால், அனுப்புவதற்கு முன் உங்கள் நீதிமன்றத்து அரசு உதவி வழக்கறிஞரிடம் தாளைக் காட்டுங்கள். காலை பத்தரைக்கு நீதிமன்றம் கூடுவதற்கு முன் போனால் அவருக்கும் நிதானமாகப் பார்க்க நேரம் இருக்கும்.